கையைக் கட்டிக்கொண்டு சொன்னபோது

நூம்பல்,
ஞாயிறு காலை.

அன்புத் தம்பி ஹேமநாதனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். குவைத்தில் அனல் காற்று என்கிறார்கள். வண்டியில் தண்ணீர் வைத்துக்கொள். போனில் சொன்னால் பாதியில் மறித்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

ஜூனில் பிரியாவை விடுதியில் சேர்க்கப் போவதாக உன் மனைவி வசந்தாவிடம் சொல்லியிருக்கிறாய். "எங்கிட்ட பேசவே மாட்டேன்றா, நீதான் பொண்ண கெடுத்து வெச்சிருக்க" என்றாயாம். இதை என்னிடம் சொன்னபோது அவள் அழவில்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

பள்ளியிலும் அவள்மேல் புகார்: சொன்னதைச் செய்வதில்லை, திமிர். பக்கத்து வீட்டு வேம்புலியம்மாளோ, "ஆறு வயசாவுது, இன்னா சொன்னாலும் மூஞ்சியப் பாத்துகினு நிக்குது. ரெண்டு வெச்சா சரியாப்பூடும்" என்றாள். பாட்டையும் விளம்பரத்தையும் பிசகாமல் ஒப்பிக்கிற பெண்ணுக்குப் பேச்சில் சிக்கல் என்று யார் நினைப்பார்கள்? காதிலும் குறையில்லை என்றே பரிசோதனையில் வந்தது.

பூந்தமல்லியில் பேச்சுப் பயிற்சி தரும் பெண், பேசுவது வேறு, பிறர் பேச்சைப் புரிந்துகொள்வது வேறு, இவளுக்குத் தடங்கல் இரண்டாவதில்தான் என்றார். நான் நம்பவில்லை. வீட்டில் சொன்ன வேலையெல்லாம் செய்கிறாளே! நானே சோதித்துப் பார்த்தேன். நம் குடும்பத்தில் யார் வாயால் மட்டும் பேசியிருக்கிறோம்? மோவாயைக் காட்டி "அத எடு" என்போம், கையை நீட்டி "போய் மூடு" என்போம். அன்று கையைக் கட்டிக்கொண்டு, முகத்தை அசைக்காமல், "செருப்ப உள்ள வெச்சிட்டு சொம்ப எடுத்துனு வா" என்றேன். பிரியா என் கையைப் பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள். நான் சொன்னதையே அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டு நின்றாள்.

ஹேமு, போனில் உனக்குக் கை இல்லை. சாப்பிட்டாயா, பள்ளியில் என்ன நடந்தது, அம்மா எங்கே என்று வண்டி ஓட்டிக்கொண்டே ஒரே மூச்சில் கேட்கிறாய். அவளுக்கு உன்மேல் கோபம் இல்லை. நீ கேட்பது அவளுக்கு எட்டவில்லை.

வசந்தா அவளை வாராவாரம் பஸ்ஸில் பயிற்சிக்கு அழைத்துப் போகிறாள். எல்லாம் மாறிவிடும் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை, நானும் செய்யமாட்டேன். ஆனால் மாற்றம் தெரிகிறது. புரியாவிட்டால் "இன்னொரு தபா சொல்லு அத்தே" என்று கேட்கிறாள். நேற்று வேம்புலியம்மாளையே கேட்டுவிட்டாள். அந்த அம்மாள் திகைத்துப்போய், "வாயப் பாரு" என்று சிரித்துவிட்டு, மெதுவாகத் திரும்பச் சொன்னாள். வகுப்பு ஆசிரியையிடமும் பேசிவிட்டேன். முன் வரிசையில் உட்கார வைத்திருக்கிறார். விடுதியில் இவளுக்கு இன்னொரு தபா யார் சொல்வார்கள்?

வெள்ளிக்கிழமை உனக்கு விடுமுறைதானே, வீடியோவில் அழை. உன் முகமும் கையும் தெரியட்டும். ஒரே ஒரு கேள்வி கேள். பதில் வர நேரமாகும். அதுவரை போனை வைத்துவிடாதே, தம்பி.

வசந்தாவிடமும் இரண்டு நல்ல வார்த்தை பேசு. குறைவின்றி இரு.

உன் அக்கா,
மங்கையர்க்கரசி