உங்கள் இரண்டு தூண்கள்

இன்று காலை வாசல் தெளிக்கப் போனபோது, இடது பக்கத்துத் தூணின் உச்சியிலிருந்து ஓர் இலை உதிர்ந்து படியில் கிடந்தது. சிமெண்ட் இலைதான். கையில் எடுத்தேன், உள்பக்கம் மாவாக உதிர்ந்தது. "ஏங்க, உங்க மகாராணிக்கு முடி கொட்டுது, வந்து பாருங்க" என்று கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன். நீங்கள் போய் வருஷத் திதியும் முடிந்துவிட்டது. என் வாய்க்குத்தான் இன்னும் அது தெரியவில்லை.

இந்த இரண்டு தூண்களையும் நீங்கள் தேர்ந்தெடுத்த நாள் நினைவிருக்கிறதா? ஓசூர் ரோட்டோரக் கடையில் வழுவழுப்பானது, கோடு போட்டது, முறுக்கு முறுக்கானது என்று வரிசையாக நிறுத்தி வைத்திருந்தான். ஒல்லியாக ஒரு ஜோடியை நான் காட்டினேன். நீங்களோ வயிறு பெருத்து, தலையில் இலைக்கொத்து வைத்த ஜோடியின் முன்னால் நின்றுவிட்டீர்கள். வைட்ஃபீல்டில் வில்லா வில்லாவாக வயரிங் செய்த மனுஷனாயிற்றே!

"நான் லைட்டு மாட்டுன வாசல்ல எல்லாம் இதான் நிக்குது. நம்ம வாசல்ல மட்டும் நிக்கக் கூடாதா?"

"அது பங்களாங்க. நம்மளது இருபதுக்கு முப்பதடி சைட்டு. குருவி தலையில பனங்காய் வெச்ச மாதிரி இருக்கும்."

கடைக்காரன் சிரித்தான். நீங்கள் சிரிக்கவில்லை. பர்ஸை எடுத்தீர்கள்.

மேஸ்திரியும் சொல்லிப் பார்த்தார். "இது சும்மா ஷோவுக்கு சார், உள்ள காலி. கொஞ்சம் தள்ளி வெக்கலாம்." எங்கே தள்ளுவது? ஒரு பக்கம் மாடிப்படி, மறுபக்கம் உங்கள் பைக். கதவுக்கு எதிரே நெருக்கி நிறுத்தினீர்கள். பீரோவைச் சாய்த்து, திட்டிக்கொண்டே உள்ளே கொண்டுபோனோம். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் டெஸ்டர், டிரில் மெஷினோடு தூண்களுக்கும் நீங்கள் சந்தனம் வைப்பீர்கள். "பெரிய வீட்டுக்கு வெச்சாச்சு, சின்ன வீட்டுக்கு இல்லியா?" என்று நான் நெற்றியைக் காட்டுவேன்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து உங்களைக் கொண்டுவந்தார்கள். துபாயிலிருந்து மகள் வந்து சேர மறுநாள் ஆகும், அதனால் ஃப்ரீசர் பாக்ஸ் சொல்லியிருந்தோம். தூக்கி வந்தவர்கள் தூண்களுக்கு நடுவே அதை நுழைத்துப் பார்த்தார்கள். தூணின் பீடம் இடித்தது. சாய்த்தால் மெஷின் போய்விடும் என்றார்கள். உங்கள் தம்பி சுத்தியலோடு வந்தார்.

"அண்ணி, உள்ள காலிதானே, ஒண்ண மட்டும் தட்டிடறேன். அண்ணன் வீட்டுக்குள்ள வரட்டும்."

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். சிவாஜிநகர் வாடகை வீட்டில் ஆள் நீட்டிப் படுக்க இடமில்லாமல், உங்கள் அப்பாவைத் தெருவில்தான் கிடத்தினார்கள். "என்னை ஹால்ல கெடத்துங்க, ரோட்டுல போட்டுடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பீர்கள். இந்த வீட்டைக் கட்டியதே அதற்காகத்தான் என்பீர்கள். பேச்சைப் பார், வாயைக் கழுவுங்க என்று நான் அதட்டுவேன்.

ஆனால் அந்தச் சுத்தியலைப் பார்த்ததும் "தொடாதீங்க!" என்று கத்திவிட்டேன். நீங்கள் இருந்தவரை நான் கேலி செய்த தூணை, நீங்கள் கண்ணை மூடிய அன்றைக்கே உடைக்க எனக்கு மனசு வரவில்லை. தெருவில் ஷாமியானா போட்டார்கள். டூவீலர்கள் உங்களைச் சுற்றிக்கொண்டு போயின. ஒருத்தன் ஹாரன்கூட அடித்தான். வயிறு எரிகிறதுங்க, இன்றைக்கும். உடைத்திருந்தால் மட்டும் ஆறியிருக்குமா என்று கேட்டால், அதுவும் தெரியவில்லை.

இன்று சாயங்காலம் எதிர் சைட்டில் வீடு கட்டுகிற பெண் வந்தாள். புதுசாகக் கல்யாணமானவள். தூணைத் தடவிப் பார்த்தாள்.

"சூப்பரா இருக்கு ஆன்ட்டி. நாங்களும் இதே மாதிரி வெக்கப்போறோம்."

உங்கள் காதில் விழுந்திருந்தால் குளிர்ந்துபோயிருப்பீர்கள்.

"தாராளமா வெச்சுக்கோம்மா. நடுவுல மட்டும் நல்லா எடம் விடு."

"எவ்ளோ விடணும் ஆன்ட்டி?"

வீடு கட்டுகிற பெண்ணிடம் அதை எந்த வாயால் சொல்வது?

"சோபா சாய்க்காம உள்ள போகணும்மா" என்றேன். "நல்ல நீட்டமான சோபா."