கையைப் பின்னால் கட்டிக்கொண்டவர்

அன்புள்ள வாலுவுக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அந்தச் சொல் இறங்க மாட்டேன் என்கிறது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. போனில் பேசும்போதெல்லாம் உன் அத்தான் பக்கத்திலேயே இருக்கிறார். எங்கள் வீட்டில் ஒரு அறையில் தும்மினால் அடுத்த அறையிலிருந்து நூறாயுசு சொல்வார்கள். இப்போது அவர் கடைக்குப் போயிருக்கிறார். வருவதற்குள் எழுதிவிட வேண்டும்.

அவர் குழந்தைகள் காப்பகத்துக்கு வேன் ஓட்டப் போனவர்தானே. அழுதுகொண்டு வேனில் ஏறுகிற பிள்ளைகள் சிரித்துக்கொண்டு இறங்குவதைப் பார்த்துத்தான் பொறுப்பாளர் அம்மா அவரைப் பயிற்சிக்கு அனுப்பி, உள்வேலைக்கு எடுத்துக்கொண்டார். அத்தனை டீச்சர்களுக்கு நடுவில் ஒரே ஆண். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் யானை மாமா. ஆளும் அப்படித்தானே! தூங்க அடம்பிடிக்கிற பிள்ளையை இவர் தோளில் போட்டுக்கொண்டு நாலு நடை நடந்தால் போதும், அது கண்ணை மூடிவிடும். நம் பெரியப்பா ஒருமுறை, “மாப்பிள்ளை ஆயா வேலைக்குப் போறாராமே” என்று எல்லார் முன்னாலும் கேட்டார். இவர் சிரித்துக்கொண்டே, “ஆமா மாமா, மீசை மட்டும் கூடுதல்” என்றார். அன்று நானும் சிரித்தேன்.

போன மாதம் அங்கே ஒரு பெண் குழந்தை புதிதாகச் சேர்ந்தது. மூன்று வயது. அம்மா வங்கி அதிகாரி. ஒருநாள் மதியமே அழைத்துப் போக வந்திருக்கிறார். குழந்தை உடையை நனைத்திருந்தது. டீச்சர் இன்னொரு பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்ததால் இவர்தான் மாற்றிவிட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாராம். அப்புறம் விறுவிறுவென்று உள்ளே வந்து, ஒரு கை மட்டும் நுழைத்திருந்த சட்டையோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். தூக்கிக்கொண்டு என்றா எழுதினேன்? பிடுங்கிக்கொண்டு.

மறுநாள் பொறுப்பாளர் அம்மா இவரைக் கூப்பிட்டு, “உங்க மேல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல தம்பி. ஆனா நாலு பேர் பேச ஆரம்பிச்சா நான் இந்த இடத்த நடத்த முடியாது” என்றிருக்கிறார். அன்றிலிருந்து கேட்டிலும் சமையலறையிலும்தான் வேலை. பிள்ளைகளின் அறைக்குள் போகக் கூடாது. வீட்டுக்கு வந்து இவர் என்னிடம் கேட்டது இதுதான். “சந்தேகம் இருக்கான்னு நான் கேக்கவே இல்லையே, அவங்க ஏன் இல்லன்னு சொன்னாங்க?”

பால் பொங்கிவிட்டது. அடுப்பைத் துடைத்துவிட்டு வருகிறேன்.

இந்த வாரமெல்லாம் இப்படித்தான். ஒரு வேலையில் நிலைகொள்ள முடியவில்லை. மடித்த துணியையே திரும்ப மடிக்கிறேன். ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடக்கிறேன்.

கேட்டில் நிற்கிறபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். இரண்டு வயதுப் பையன் ஒருவன் இவரைப் பார்த்துவிட்டு முற்றத்தின் குறுக்கே ஓடி வந்திருக்கிறான். தடுக்கி விழுந்து உதடு கிழிந்து ரத்தம். எழுந்து, அழுதுகொண்டே இவரிடம் வந்து இரண்டு கையையும் தூக்கி நின்றானாம். இவர் என்ன செய்தார் தெரியுமா? கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “டீச்சர்! டீச்சர்!” என்று கத்தினாராம். டீச்சர் வந்து சேரும் வரை அந்தப் பிள்ளை இவர் காலடியில் நின்று கத்தியது. இவர் குனியக்கூட இல்லை.

இதைச் சொன்னபோது அவர் குரல் தட்டையாக இருந்தது. யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வது போல.

அதோடு முடிந்திருந்தால் உனக்கு எழுதியிருக்க மாட்டேன். இப்போது வீட்டிலும் அப்படியே. நம் குட்டியைத் தினமும் குளிப்பாட்டுவது அவர்தான். நான் ஊற்றினால் கண்ணில் சோப்பு போகிறது என்று ஊரைக் கூட்டுவாள். இப்போது, “அம்மாகிட்ட போ” என்கிறார். மடியில் ஏறினால் மெல்ல இறக்கி விடுகிறார். நான் வேலைக்குப் போய், அவளும் அவரும் மட்டும் வீட்டில் இருந்தால், வாசல் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருகிறார். யாருக்காகத் திறந்து வைக்கிறார்? அவள் அன்று என்னிடம் ரகசியமாகக் கேட்டாள், “அப்பாவுக்குக் கை வலிக்குதாம்மா?” என்று. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வது?

அவரிடம் சொல்லாமல் நானே காப்பகத்துக்குப் போனேன். உனக்குத்தான் என் கோபம் தெரியுமே, வழி நெடுக வசனம் பேசிக்கொண்டே போனேன். அந்த வங்கிக்கார அம்மாவும் அங்கே இருந்தார். அவர் கெட்டவராக இருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! எழுந்து எனக்கு நாற்காலி போட்டார். “உங்க வீட்டுக்காரர நான் ஒண்ணும் சொல்லலைங்க. பொதுவா ஆம்பளைங்கள சொல்றேன். நீங்களும் பொம்பளப் புள்ள வெச்சிருக்கீங்க, உங்களுக்குத் தெரியாதா?” என்றார்.

நான் தயார் செய்து வைத்திருந்த வசனமெல்லாம் போய்விட்டது. மூன்றாம் மாடிக்காரர் தனியாக லிப்டில் வந்தால் ஏறாதே என்று நானே குட்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அந்த மனிதர் எங்களுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. பார்த்தால் வணக்கம் சொல்கிறவர். அவருக்கும் ஒரு மனைவி இருந்து, இப்படி எங்கேயோ போய் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாளோ என்று அப்போது தோன்றியது. அந்த அம்மாவின் பயம் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் பயம் அவருடையது. அதைச் சுமப்பது என் வீட்டில் இருக்கிறவர்.

கடைசியில் நான் ஒன்றுதான் கேட்டேன். “பிள்ளைங்களோட யாருமே தனியா இருக்க வேண்டாம். ஆணானாலும் பொண்ணானாலும் ரெண்டு பேரா இருக்கட்டும். கதவுல கண்ணாடி வைங்க. சட்டம்னா எல்லாருக்கும் வைங்க.” பொறுப்பாளர் அம்மா யோசித்தார். வங்கிக்கார அம்மா, “அப்படின்னா எனக்குச் சம்மதம்” என்றார். கண்ணாடிக் கதவும் வந்துவிட்டது, வாலு. இவரைத் திரும்ப உள்ளே வரச் சொல்லிவிட்டார்கள்.

ஜெயித்துவிட்டேன் என்று ஓடி வந்து சொன்னேன். அவர், “வேண்டாம். அவங்க கூப்பிட்டப்பவே, பழையபடி வேனே ஓட்டிக்கிறேன்னு சொல்லிட்டேன்” என்றார். ஏன் என்று சண்டை போட்டேன். “புள்ள அழுதா கை தானா போகணும். இப்ப போகறதுக்கு முன்னாடி யாரு பாக்கறாங்கன்னு யோசிக்குது. அந்தக் கையோட எப்படி உள்ள போறது?” என்றார்.

வேனில்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது கூட வருகிற டீச்சர்தான். இவர் கண்ணாடியில் பார்த்தபடி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பெரியப்பாவுக்கு மகிழ்ச்சி. “இப்பத்தான் ஆம்பளைக்கு ஏத்த வேலை” என்கிறார். நம் குடும்பத்துக்கு இவர் ஆண்மை போதவில்லை. அங்கே ஆண் என்பதே குற்றமாகிவிட்டது. இந்த மனிதர் எங்கேதான் போய் நிற்பார்?

படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது. சீக்கிரம் முடிக்கிறேன்.

நீ கைக்குழந்தையோடு வருகிறாய் என்று சொன்னதிலிருந்து எனக்கு ஒரே யோசனை. ஸ்டேஷனுக்கு அவர்தான் வருவார். இறங்கியதும் பெட்டிக்குத்தான் கையை நீட்டுவார். பெட்டியைக் கொடுக்காதே. பிள்ளையைக் கொடு. பிடிக்கிறீங்களா என்று கேட்காதே. நான் எழுதியதைச் சொல்லாதே. ஆறுதலாக ஒரு வார்த்தை பேசாதே. முகத்தைப் பார்க்காதே. உனக்கே உரிய அவசரத்தோடு, கை கடுக்குது அத்தான் என்று சொல்லி, அவர் தோளில் போட்டுவிடு. போட்டுவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீ முன்னால் நட. பிள்ளை அழுதாலும் திரும்பிப் பார்க்காதே. உன் வீட்டுக்காரரையும் பார்க்க விடாதே.

இது மட்டும் எனக்காகச் செய். மூவரும் பத்திரமாக வந்து சேருங்கள்.

உன் வரவை எதிர்பார்த்து, நிற்க முடியாமல் நிற்கும்,
அக்கா