நிமிர்த்தாத மட்கார்டு

என் ஸ்கூட்டரின் முன் மட்கார்டில் உள்ள நெளிவை நிமிர்த்துவதில்லை என்று இன்று காலை முடிவு செய்துவிட்டேன். குடும்பத்தாரைக் கலந்து, எதிர்ப்புகளைப் பரிசீலித்து எடுத்த முடிவு. உனக்குத்தான் முதலில் தெரிவிக்க வேண்டும். அந்த நெளிவு நீ போட்டது.

வடசேரிச் சந்தை முன்னால் நம் வண்டிகள் முட்டிக்கொண்ட அன்று உன்னை எனக்குத் தெரியாது. "கண்ண எங்கவே வச்சிட்டு வாறீரு?" என்று கத்தினேன். நீயோ குனிந்து மட்கார்டைத் தடவினாய்.

"இது மீட்சியற்ற மோதலு வே. மீட்சி மோதல்னா இயக்க ஆற்றல் துளி குறையாம ரெண்டு வண்டியும் பிரிஞ்சு போயிருக்கும். இங்க சத்தம் கேட்டு, தகடு சளுங்கி, கொஞ்சம் ஆற்றல் அதுல போச்சு. மொத்த உந்தம் மட்டும் ரெண்டு வித மோதல்லயும் மாறாது."

"சாரே, முட்டைக்கோசு மேலயாக்கும் நிக்கது" என்றார் ஒரு வியாபாரி.

எங்கள் பள்ளிக்கு மாற்றலாகி வந்த இயற்பியல் ஆசிரியர் நீ என்று மறுநாள்தான் தெரிந்தது. நான் வரலாறு. குலசேகரத்திலிருந்து கொண்டுவந்த ரப்பர்ப்பால் பந்தை ஆசிரியர் அறையில் தரையில் விடுவாய். அது விட்ட உயரத்துக்குச் சற்றுக் குறைவாகவே எழும்பும். "முழு மீட்சி நம்ம ஊர்ல கெடையாது மக்கா" என்பாய். எந்த ஊரில் கிடைக்கும் என்று நான் கேட்கவில்லை.

பிறகு என் மகள் கல்யாணம். சம்பந்தி வீட்டார் பந்தியில் இருக்க, பாயசம் விளம்பியதும், "அடைப்பிரதமன் தண்ணியாட்டுல்லா கெடக்கு" என்றாய். நாஞ்சில் நாட்டில் இதற்குமேல் பேச்சுவார்த்தை கிடையாது. ஆளுக்கொரு பக்கம் போனோம். இரு தரப்பிலும் சேதாரமில்லை என்றே எண்ணியிருந்தேன். போன மாதம் நீ இறந்துபோனாய்.

துக்கம் கேட்க வந்தபோது உன் வண்டியைப் பார்த்தேன். அன்று முட்டிய இடத்தில் நெளிவு நிமிர்த்தாமல் அப்படியே இருந்தது.

"எத்தற தடவ சொன்னேன் அண்ணாச்சி" என்றார் உன் மனைவி. "அது கெடக்கட்டும், அதுல அவனுக்கதும் கொஞ்சம் இருக்குன்னுருவாவ."

அன்றிலிருந்து எனக்குக் குழப்பம். ஆற்றலைச் சொன்னாயா, என்னைச் சொன்னாயா? அல்லது ஒர்க்ஷாப் செலவைத் தவிர்க்க இயற்பியலைத் துணைக்கு அழைத்தாயா? நீ மூன்றுக்கும் ஆள்தான். பிரதமனைப் பற்றி வீட்டில் விசாரித்தேன். தண்ணீராகத்தான் இருந்ததாம்.

இன்று புது டயர் போட்ட மெக்கானிக், "நெளிவ நிமித்தலேன்னா ஒரசும் சாரே" என்றார். வேண்டாம் என்று சொல்லி வண்டியை எடுத்து வந்தேன்.

உரசுகிறது.