மாமா சொன்னதில் எது நிஜம்

வாத்தியாரே,

இன்று காலை வேனைக் கழுவலாம் என்று பின்சீட்டுக்கு அடியில் சுருட்டிக் கிடந்த ஜமக்காளத்தை எடுத்து உதறினேன். எலுமிச்சை சாத வாசனை குப்பென்று அடித்தது. மடிப்புக்குள் காய்ந்த கறிவேப்பிலை ஒன்று. உன் வீட்டுச் சாதம்தான். நானும்தான் புளிசாதம் கட்டிக்கொண்டு வருவேன். எங்கள் வீட்டுப் புளிசாதத்துக்கு நூம்பலிலிருந்து பூந்தமல்லி வரை பேர் உண்டு. ஆனாலும் பிள்ளைகள் உன் டப்பாவைச் சுற்றித்தான் உட்காருவார்கள். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. போய்ச் சேர்ந்தவன்மேல் பொறாமைப்படுகிற ஒரே மனுஷன் நானாகத்தான் இருப்பேன்.

நீ திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, நாங்கள் உழுத நிலத்தில் எழும்பிய அடுக்குமாடியில் குடியேறினவன். கம்ப்யூட்டர் வேலை. நான் அதே மண்ணில், ஆந்திராவிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போகிற மாதிரி வெள்ளாமை எடுத்த குடும்பம்; இப்போது வேன் ஓட்டுகிறேன். நீ உன் மகளைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைத்தாய். ஆவடி, அம்பத்தூர் பக்கம் உன்னை மாதிரியே இன்னும் நாலு வீடு. வாரத்தில் ஒரு நாள் அத்தனை பிள்ளைகளையும் என் வண்டியில் ஏற்றிக்கொண்டு எதையாவது பார்க்கக் கிளம்புவோம். ஒரு வாரம் ஏரி, ஒரு வாரம் பட்டறை, ஒரு வாரம் சந்தை.

நான் எட்டாவது வரை ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போனவன். எங்களை ஒரு தடவைகூட வெளியே கூட்டிக்கொண்டு போனதில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்கவே நான் மதில் ஏறப் பழகினேன். பள்ளிக்கூடமே போகாத உங்கள் பிள்ளைகளுக்கோ வாரா வாரம் ஊர் சுற்றல். என் பொறாமை அங்கேதான் தொடங்கியது.

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் முதல் தடவை நின்றோமே, ஞாபகம் இருக்கிறதா? "மாமா, இந்த மதக எப்டித் தொறப்பாங்க?" என்று உன் மகள் கேட்டாள். நான் விடுவேனா?

"எங்க தாத்தா ஒத்த ஆளா கையாலயே தூக்குவாரு. அவரு ஊர்ல இல்லன்னா ஏரி ரொம்பிகினே கீதுன்னு கலெக்டரு வண்டி அனுப்புவாரு" என்றேன்.

பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். இன்று நாம்தான் ராஜா என்று மீசையைத் தடவினேன். அதற்குள் அத்தனை தலையும் உன் பக்கம் திரும்பியது. "அப்படியா அண்ணாச்சி?" என்றாய், ரொம்பப் பணிவாக. பிறகு அவர்களிடம், "எனக்குத் தெரியல. போய்ப் பாப்பமா?"

அவ்வளவுதான். உன் பின்னால் ஓடிவிட்டார்கள். நான் வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டு தனியாக நின்றேன். எல்லாம் தெரிந்தவனை விட்டுவிட்டுத் தெரியாது என்கிறவன் பின்னால் ஓடுகிற உலகத்தை அன்றுதான் பார்த்தேன்.

அம்பத்தூர் பட்டறையிலும் அதே கதை. "இங்கதான் ராக்கெட்டுக்கு போல்ட்டு கடைஞ்சேன்" என்றேன். "எந்த ராக்கெட்டு மாமா?" என்றது ஒன்று. "மேல போச்சே, அது." நீ கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாய். இருமல் என்று சொன்னாய்.

மழைக்கு முன்னால் ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ படியில் உட்கார்ந்தபோது, உன்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓட்டினவனும் நான்தான். நான் ஓட்டின ஓட்டத்துக்கு ஆம்புலன்சே ஒதுங்கி வழிவிட்டது. அப்படியும் பிந்திவிட்டது.

பிறகு யாரும் எங்கும் போகவில்லை. உன்னிடம் மறைப்பானேன், மறுபடி கிளம்பினால் பிள்ளைகள் இனி என் பக்கம்தான் என்று மனசின் ஒரு மூலையில் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். போன மாதம் உன் வீட்டுக்காரம்மா வந்தது. "ஒரு தடவ கூட்டிட்டுப் போங்க அண்ணாச்சி. பிள்ளையளுக்கு மனசு ஒட்டலன்னா இதோட விட்ருவோம்" என்றது.

இந்த ஒரு தடவையில் தோற்றால் எல்லாம் முடிந்தது. அதனால் நான் நீயாகவே மாறிவிடுவது என்று தீர்மானித்தேன். அதே ஏரிக்கரை. தண்ணீரில் முங்கின ஒரு பறவையைக் காட்டி, அது எவ்வளவு நேரம் மூச்சுப் பிடிக்கும் என்று கேட்டார்கள். நாக்கு நுனிவரை ஒரு பதில் வந்தது. முழுங்கிவிட்டு, "எனக்குத் தெரியல. போய்ப் பாப்பமா?" என்றேன், உன் குரலிலேயே.

ஒருவரும் அசையவில்லை. மதகைப் பற்றிக் கேட்டார்கள், தெரியாது என்றேன். கரையைப் பற்றிக் கேட்டார்கள், அதுவும் தெரியாது. தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்கள். வெயில் தாழுமுன்னே "வீட்டுக்குப் போலாமா?" என்றது ஒன்று. சரி, முடிந்தது என்று வண்டியில் போய் உட்கார்ந்தேன். உன் மகள் கதவருகே வந்து நின்றாள்.

"மாமா, ஒடம்பு சரியில்லயா?"

"நல்லாத்தான் கீறேன். இன்னாத்துக்கு?"

"இன்னிக்கு நீங்க ஒண்ணுமே விடல. அப்ப சாயங்காலம் நாங்க என்ன பண்றது?"

எனக்கு விளங்கவில்லை. அவள்தான் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்ததும் உன் வீட்டுக் கூடத்தில் எல்லாரும் வட்டமாக உட்காருவீர்களாம். மாமா சொன்னதில் எது நிஜம், எது புளுகு என்று பிரிப்பீர்களாம். புத்தகத்தில் தேடுவீர்களாம், ஆட்களைக் கேட்பீர்களாம். போல்ட்டு விஷயத்துக்காக அவர்களை மறுபடி பட்டறைக்கே கூட்டிப்போய் முதலாளியிடம் விசாரித்தாயாம்.

"நீங்க கடைஞ்சது நெசந்தான் மாமா. ஆனா பஸ் சீட்டுக்கு" என்றாள்.

எனக்கு வயிறு எரிந்தது வாத்தியாரே. சமையல் என்னுடையது, பந்தி உன் வீட்டில், எனக்கு மட்டும் அழைப்பில்லை. அந்த ஆத்திரத்தில் வாய்க்கு வந்ததிலேயே பெரிய புளுகாக ஒன்றை எடுத்து விட்டேன்.

"இன்னிக்குக் கணக்குக்கு இத்தையும் சேத்துக்கோ. உங்கப்பனுக்கு என்னப் பாத்தா பொறாம. நான் வாயத் தொறந்தாலே அவனுக்கு வயிறு காந்தும்."

பிள்ளைகள் அன்று முதல் தடவையாகச் சிரித்தார்கள். "இது டூப்பு, பாக்காமயே சொல்லுவேன்" என்றது ஒன்று. பிறகு நான் நிற்கவில்லை. அந்தப் பறவை காலையில் முங்கினால் சாயங்காலம் ஆவடியில் எழும்பும் என்றேன். ஏரிக்கு அடியில் எங்கள் மாட்டுக்கொட்டகை இன்னும் நிற்கிறது என்றேன். கரையோரம் ஓடி எட்டி எட்டிப் பார்த்தார்கள். இருட்டுகிறவரை வண்டி ஏறவில்லை.

மறுநாள் வண்டிக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தேன். உன் மகள் வந்தாள்.

"பறவ பொய். மாட்டுக்கொட்டாயும் பொய் மாமா."

"இன்னொண்ணு?"

"அம்மாட்ட கேட்டேன்." பிறகு உன்னை மாதிரியே இழுத்துப் பேசிக் காட்டினாள். "'நான் படிச்சுச் சொன்னத பிள்ளைய யாரும் பேச மாட்டக்காவ. அண்ணாச்சி அளந்து விட்டதத்தான் தூங்குத வரைக்கும் பேசுதாவ. அந்த வாயி எனக்கு இல்லயே'ன்னு அப்பா பொலம்புவாராம். அது மட்டும் நெசம் மாமா."

ஸ்பானரை எங்கே வைத்தேன் என்று ரொம்ப நேரம் தேடினேன். கையில்தான் இருந்தது.

வாரா வாரம் போகிறோம். பிள்ளைகள் என்னைச் சுற்றித்தான் உட்காருகிறார்கள். புளிசாதம் மிஞ்சுவதே இல்லை. ஆனால் அவள் சொன்ன அந்த ஒன்றை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வழக்கம்போல விடுகிறான் என்பார்கள். கூட்டாமல் குறைக்காமல் நான் வைத்திருக்கிற சமாசாரம் அது ஒன்றுதான்.