மூன்றடி பின்னால்

28 ஜூன் 1998, ஞாயிறு

கேமராவுக்குள் ஒரு துகள். படத்தில் வராது. ஆனால் நான் கண்ணை வைத்துப் பார்க்கும்போதெல்லாம் மணப்பெண்ணின் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். ஆறு மாதம் பொறுத்தேன். இன்று விடாத மழை, கரமனை ஸ்டுடியோவுக்கு ஒருத்தரும் வரவில்லை. லென்ஸைக் கழற்றி, உள்ளே பிம்பம் வந்து விழுகிற போகஸ் ஸ்கிரீனை வெளியே எடுத்துவிட்டேன். சின்னத் தகடு, ஒரு பக்கம் சொரசொரப்பு. துகள் போயிற்று. தகட்டின் உயரத்தைச் சரியாக வைக்க அதன் அடியில் இரண்டு பித்தளைச் சட்டங்கள் இருந்தன, வெங்காயத் தோல் கனம். மேஜையில் வைத்தேன். ஜெயா வந்து ஃபேனைப் போட்டாள்.

"புழுங்கறதேன்னு போட்டேனாக்கும்" என்றாள். மனைவியிடம் இதற்கு மேல் என்ன கேட்க?

29 ஜூன்

கட்டிலுக்கு அடியில் கிடைத்தவை: ஹேர்பின் இரண்டு, ஒரு சட்டைப் பொத்தான், போன வருஷத்து ரயில் டிக்கெட். பித்தளை இல்லை.

30 ஜூன்

யோசனை வந்துவிட்டது. தினசரி காலண்டர் தாள். அதே கனம்தான், விரலால் தடவிப் பார்த்தேன். ஜெயா ஒத்துக்கொள்ளவில்லை. பத்மாவின் கல்யாணத்துக்குப் படம் எடுக்கப்போகிற கேமராவில் அஷ்டமித் தாளை வைப்பதாவது? கடைசியில் செப்டம்பர் மாத முகூர்த்த நாளாகப் பார்த்து அவளே இரண்டு கிழித்துக் கொடுத்தாள். சட்டம் மாதிரி வெட்டி வைத்தேன். பார்த்தால் எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. துகளும் இல்லை. நான் லேசுப்பட்ட ஆள் இல்லை.

பத்மப்ரியா என் தங்கை. இருபத்தொன்பது முடிகிறது, செக்ரட்டேரியட்டில் டைப்பிஸ்ட். அப்பா அம்மா போன பிறகு அவள் கல்யாணம் என் பொறுப்பு. மூன்று இடம் வந்து கலைந்தது. இப்போது தஞ்சாவூர்க்காரர்கள் முழு உருவப் படம் கேட்டிருக்கிறார்கள். பதினேழாம் தேதி ஆடி பிறக்கிறது. அதற்குள் தபாலில் சேராவிட்டால் இந்த இடமும் போச்சு.

5 ஜூலை, ஞாயிறு

மழை இருபது நிமிஷம் விட்டது. கொல்லைப்புறத்தில் வைத்து எடுத்துவிட்டேன். கொடியில் நாலு நாள் ஈரத்துணி. அடுத்த வீட்டு மஹேஷ் வழக்கம்போல எங்கள் பேப்பரைப் படிக்க வந்திருந்தார். மின்சார ஆபீஸ் வேலை, சொன்னதைச் செய்வார். மூங்கில் கழியைக் கொடுத்து, துணி படத்தில் விழாமல் கொடியைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். பத்மாவுக்கு மூன்றடி பின்னால் நின்று பிடித்தார். ஓரத்தில் அவர் வந்தாலும் வெட்டிவிடலாம்.

பத்மா சிரித்தாள். போன மூன்று தடவையும் பல்வலிக்காரி மாதிரி நின்றவள். கேமரா சரியானால் ஆளும் சரியாகிறார்கள் போலும்.

9 ஜூலை

கிழக்கேகோட்டை லேபிலிருந்து பிரிண்ட் வந்தது. பத்மா இட்லிப் பானை ஆவிக்கு அந்தப்பக்கம் நிற்கிற மாதிரி மங்கல். போய்ச் சண்டை போட்டேன். மெஷினில் ஒரு தகராறும் இல்லை என்று மலையாளத்தில் மூன்று தடவை சொன்னான். திருட்டுப்பயல்.

மறுபடி எடுக்க வெயில் இல்லை, நாளும் இல்லை. மஹேஷை வெட்டலாம் என்றால் பத்மாவின் முழங்கையும் போகிறது. அப்படியே கவரில் போட்டு ஒரு துண்டுச்சீட்டு வைத்தேன்: "லேப் கோளாறு. பெண் நேரில் தெளிவாக இருப்பாள்."

12 ஜூலை

சீதாலக்ஷ்மி மாமி பேத்தியின் சீமந்தம். முப்பத்தாறு படம் எடுத்தேன்.

15 ஜூலை

முப்பத்தாறிலும் கர்ப்பிணிப்பெண் புகை. பின்னால் இலை நறுக்கிக்கொண்டிருந்த பட்டாபிக்கு மீசை எண்ணலாம். மாமி ஆல்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சீமந்தம் யாருக்கு என்று மட்டும் கேட்டாள். லேபை மாற்றப் போகிறேன்.

20 ஜூலை

தஞ்சாவூர்க் கடிதம். அப்படியே எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் நானே நம்பமாட்டேன்.

"படம் கிடைத்தது. பெண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லக் கூடவில்லை. பின்னால் மூங்கில் கழியுடன் நிற்கும் பையன் நல்ல களையாக இருக்கிறான். எங்களுக்கு ஒரு பெண்ணும் உண்டு. அவன் ஜாதகத்தை அனுப்ப இயலுமா?"

என் தங்கைக்கு வரன் பார்த்தா, கொடி பிடிக்கிறவனுக்கு வரன் வர்றது! நான் என்ன பாவம் பண்ணினேன்? பத்மாவிடம் எப்படிச் சொல்வேன்? சொல்லவில்லை. கடிதத்தை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்தேன். ஜெயா பத்து நிமிஷத்தில் எடுத்துவிட்டாள்.

21 ஜூலை

பூதக்கண்ணாடி வைத்துப் பிரிண்டைப் பார்த்தேன். மஹேஷின் சட்டையில் தையல் தெரிகிறது. பட்டாபிக்கு மீசை தெரிந்தது. லேப் எப்படி ஆள் பார்த்து மங்கலாக்கும்?

கூடத்தில் ஆறு டம்ளரை ஒன்றின் பின் ஒன்றாக நிறுத்தினேன். கேமராவின் முதுகைத் திறந்து, ஃபிலிம் ஓடுகிற இடத்தில் பட்டர் பேப்பர் ஒட்டி, ஷட்டரைத் திறந்தபடி வைத்தேன். மேலே கண்ணை வைத்தால் மூன்றாவது டம்ளர் தெளிவு. பட்டர் பேப்பரில் ஐந்தாவது டம்ளர் தெளிவு. ஆக, நான் பார்ப்பது ஒன்று, ஃபிலிம் பார்ப்பது வேறொன்று. தாள் கனம் கூடிவிட்டது, தகடு மேலே ஏறிவிட்டது. லேப்காரன் நல்லவன்.

ஒரு தாளை எடுத்தேன். பட்டர் பேப்பரில் இரண்டாவது டம்ளர். ஒன்றரைத் தாள் வேண்டும், அரைத் தாளுக்கு எங்கே போவது? ஜெயா சாக்லேட் சுற்றின ஈயக் காகிதத்தை நீட்டினாள். தாள் ஒன்று, ஈயம் ஒன்று. மேலேயும் மூன்று, கீழேயும் மூன்று! நாற்பத்திரண்டு வயதில் டம்ளரைப் பார்த்துக் கண் கலங்கினேன்.

23 ஜூலை, வியாழன்

கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், அதுதான் மரியாதை. மஹேஷ் பேப்பருக்கு வந்ததும் விஷயத்தைச் சொல்லி ஜாதகம் கேட்டேன். மனிதர் பேப்பரைத் தலைகீழாக மடித்தார், செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் போட்டுக்கொண்டது என் செருப்பு.

பத்மா உள்ளேயிருந்து வந்தாள்.

"அவர் ஜாதகம் எங்கிட்ட இருக்கு, அண்ணா. ரெண்டு வருஷமா."

"எங்கே?" என்றேன்.

"ஆபீஸ் மேஜையில. பொருத்தமும் பாத்தாச்சு."

எங்கிட்ட ஏண்டி சொல்லலை என்று கத்திவிட்டேன். அவள் கத்தவில்லை.

"நீ ஜாதகம் கேட்டே, தந்தேன். போட்டோவுக்கு நில்லுன்னே, நின்னேன். என்னை எப்போ கேட்டே?"

ஜெயாவுக்குத் தெரியுமாம். பூக்காரி செல்லபாய்க்குத் தெரியுமாம். மஹேஷ் வீட்டிலேயே அதே பேப்பர் வாங்குகிறார்களாம்! நாள் முழுக்க முகங்களைப் பார்த்துப் பிழைக்கிறவன் நான். வெட்கமாக இருக்கிறது.

24 ஜூலை

பிரிண்டை மறுபடி பார்த்தேன். மஹேஷ் கொடியைப் பார்க்கவில்லை.

18 ஆகஸ்ட், செவ்வாய்

ஆடி கழிந்தது. நேற்று மஹேஷின் அம்மா தாம்பூலத்தோடு வந்து போனார். பத்மா இன்று சமையலறையில் பாடிக்கொண்டிருந்தாள், சுருதி சேரவில்லை, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தஞ்சாவூருக்குக் கார்டு எழுதினேன். நாலு கார்டு கிழித்த பிறகு இப்படி வந்தது:

"தாமதத்துக்கு மன்னிக்கவும். பின்னால் நிற்கும் பையனுக்கு இடம் முடிந்துவிட்டது. முன்னால் நிற்கும் பெண்ணுக்கும் முடிந்துவிட்டது. இரண்டும் ஒரே நாள், ஒரே பந்தல். தாங்கள் குடும்பத்தோடு வர வேண்டும்."