கழுத்தில் ஒரு வெளிறிய கோடு

1947, ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

காலையில் கரையில் ஒரு பிரேதம் ஒதுங்கியது. முகத்தை மீன்கள் தின்றிருந்தன. பங்குச் சாமியார் ஏரலுக்குப் போயிருந்ததால், கோயில் உபதேசியாரான நான்தான் முடிவு சொல்ல வேண்டியிருந்தது. வழக்கப்படி கழுத்தைப் பார்த்தேன். கத்தோலிக்கர் கயிற்றில் கோத்துக் கழுத்தில் அணியும் துணித்துண்டான மாதா உத்தரியம் கிடந்தால் கல்லறைத் தோட்டத்துக்குள் குழி, இல்லாவிட்டால் சுவருக்கு வெளியே. உத்தரியம் இல்லை. கயிறு கிடந்ததுபோல ஒரு வெளிறிய கோடு மட்டும் இருந்தது.

"வெளிய தோண்டுங்கலே" என்றேன்.

என் மனைவியின் தம்பி மிக்கேல் பக்கத்தில் நின்றான்; எல்லா மதங்களும் ஒரே கடவுளிடமிருந்து வந்தவை என்னும் பஹாய் மார்க்கத்தில் சேர்ந்துவிட்டவன். "ஏசுவ நானும் நம்புதேன், அத்தான். ஆனா அவர அனுப்புனவருக்கு உள்ள, வெளியன்னு உண்டா? கயிறு கடல்ல அறுந்திருந்தா என்ன செய்வீய?"

"வேதத்த விட்டுட்டுப் போனவன் எனக்குப் புத்தி சொல்லாத" என்று கத்தினேன். அவனே மண்வெட்டியை வாங்கித் தோண்டினான்.

மாலையில் குளிக்கும்போது கழுத்தைத் தடவினேன். என் உத்தரியத்தைக் காணோம். சட்டை, பாய், முற்றம் எல்லாம் தேடியாயிற்று. கண்ணாடியில் பார்த்தேன். அதே வெளிறிய கோடு.

விடிந்தால் தோணியில் கொழும்புக்குப் போக வேண்டும். கடல் இரைந்துகொண்டே இருக்கிறது. மிக்கேலைக் கூப்பிட்டு, என் கழுத்தை ஒருதரம் நன்றாகப் பார்த்து வைத்துக்கொள் என்று சொல்லலாமா?