துப்பாக்கியை வாங்கிக்கொண்டார்கள், மாமா

என் மாமாவுக்கு,

நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் பேச்சுக்கு ஆளில்லை. அதனால் உங்களிடமே பேசுகிறேன். நான் பேசப் பேச நீங்கள் வாயே திறக்காமல் இருப்பது எனக்கொன்றும் புதிதில்லையே.

மயிலத்துக் கொல்லையில் மல்லாட்டை பூத்து நிற்கிறது. கடலையைக் கிளறுகிற காட்டுப்பன்றிதான் தொல்லை. முன்பானால் லைசென்ஸ் துப்பாக்கியை எடுத்து வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடிப்பீர்கள், ஓடிவிடும். இப்போது நான் தகர டப்பாவைத் தட்டுகிறேன். ஊரில் எவரும் மதிக்காத என்னைப் பன்றியா மதிக்கும்?

துப்பாக்கி ஸ்டேஷனில் இருக்கிறது. நம் மகள் ரேவதி திண்டிவனத்தில் என் அக்கா வீட்டில் இருக்கிறாள். ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் கேளுங்கள்.

உங்கள் காரியத்தன்று உங்களுக்குப் பிடித்ததெல்லாம் படைத்தோம். கருவாட்டுக் குழம்பு, வெற்றிலை, கட்டம் போட்ட லுங்கி. உங்கள் தம்பிதான் துப்பாக்கியையும் தோட்டாப் பையையும் கொண்டுவந்து படத்தருகே வைத்து, மஞ்சள் குங்குமம் இட்டார். லைசென்ஸ்காரர் இறந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டுமாம். படைத்த பொருளை எடுத்துப்போய்ப் போலீஸிடம் கொடுக்க யாருக்கு மனசு வரும்? அமாவாசைக்கு அமாவாசை அதற்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தேன்.

அதே தம்பி போன ஆனியில் நம் வரப்பைத் தள்ளி டிராக்டர் ஓட்டினார். நான் வழியில் நின்று கத்திக்கொண்டிருந்தேன். பிளஸ் டூ படிக்கிற உங்கள் மகள் வீட்டுக்குள் போனவள், படத்தருகே இருந்ததை எடுத்துவந்து அவர் நெஞ்சுக்கு நேராக நீட்டினாள்.

"எங்கப்பா நெலத்துல எறங்குன, சுட்டுடுவேன் சித்தப்பா."

நான் பாய்ந்துபோய்க் குழலைப் பிடித்துத் தரையைப் பார்க்கத் திருப்பினேன். பிறகு ஸ்டேஷனுக்குப் போன் செய்தது அவர் இல்லை மாமா, நான்தான். அவள் கை நடுங்கவே இல்லை. அதைப் பார்த்துத்தான் போனை எடுத்தேன்.

விழுப்புரத்தில் சின்னப் பிள்ளைகளுக்கென்று இருக்கிற கோர்ட்டுக்குப் போனோம். "வீட்ல வயசுப் பொண்ண வெச்சிக்கிட்டு துப்பாக்கிக்குப் பொட்டு வெச்சீங்களா?" என்று ஜட்ஜம்மா என்னைத்தான் திட்டினார். ஆறு மாதத்துக்கு ரேவதி துப்பாக்கியைத் தொடக்கூடாது, துப்பாக்கி இருக்கிற இடத்தில் தங்கவும் கூடாது என்று உத்தரவு. நம்முடையது போய்விட்டது. ஆனால் உங்கள் தம்பி வீட்டுக்கும் நமக்கும் ஒரே வாசல், பக்கத்துச் சுவரில் அவர் துப்பாக்கி தொங்குகிறது. அதற்கு லைசென்ஸ் இருக்கிறது. அதனால் நம் பெண் கிளம்ப வேண்டியதாயிற்று.

ஞாயிறுதோறும் கேப்பை அடை சுட்டு எடுத்துக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறுகிறேன். ரேவதி வாங்கி அக்கா கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். திரும்பி வந்தால் ஓர் ஆளுக்கு உலை வைக்க இன்னும் கை பழகவில்லை. நீங்கள் இறந்தபோது அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். இப்போது யாரைக் கட்டிக்கொண்டு அழ?

போன வாரம் கெடு முடிந்து மறுபடி கோர்ட். "இனிமே அப்படிச் செய்வியாம்மா?" என்று ஜட்ஜம்மா கேட்டார்.

"அவரு மறுபடி வரப்பத் தாண்டுனா செய்வேன், மேடம்."

உங்கள் மகளாயிற்றே, ஒப்புக்குக்கூட ஒரு பொய் வரவில்லை. ஜட்ஜம்மா என்னைப் பார்த்து, வீட்டுக்குக் கூட்டிப்போகிறீர்களா என்று கேட்டார். ரேவதியும் திரும்பி என்னைப் பார்த்தாள். இத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்தாள் மாமா. கூட்டிப்போகிறேன் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"உத்தரவ இன்னும் நீட்டிச்சிடுங்கம்மா," என்றேன். ஜட்ஜம்மாவும் அப்படியே எழுதிவிட்டார்.

பஸ் ஸ்டாண்டில்தான் வாயைத் திறந்தாள். "உனுக்கு சித்தப்பாதான் முக்கியமா?"

"அவரு இருந்தா இன்னா, போனா இன்னாடி? நீ ஜெயிலுக்குப் போய்ட்டா நான் யாராண்ட போவேன்?"

திண்டிவனம் பஸ் வந்ததும் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி நகரும்போது, "ஞாயித்துக்கெழம நீ வராத," என்றாள்.

நான் செய்தது சரிதானா மாமா? சரி என்று சொல்ல இங்கே ஒருவரும் இல்லை. நிலத்தை அளந்து கல் நடச் சொல்லி மனு கொடுத்திருக்கிறேன். அது முடிகிற வரைக்கும் அவளைக் கூப்பிட மாட்டேன்.

நாளைக்கு ஞாயிறு. நான் போவேன். கதவு திறக்காவிட்டால் தெருவில் நின்றுவிட்டு வருவேன். அவள் என்னை வெறுத்துக்கொண்டே வளரட்டும், ஆனால் கொலைகாரி ஆகாமல் வளர்வாள். இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

உங்கள் அத்தை மகள்,
ரேவதியின் அம்மா,
அஞ்சலை